ஸ்கேனில் தெரியாத வலியை நம்பியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு அப்பளம் இட்டு விற்கிறவள் நான். கடந்த மாசியில் வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அம்பாசமுத்திரம் போகும்போது நாய் குறுக்கே பாய்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எனக்குப் பின்மண்டை ரோட்டில் அடித்துவிட்டது. ஹெல்மெட் போடவில்லை. பின்னால் உட்காருகிறவளுக்கு எதற்கு என்று நினைத்தது என் தப்பு.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. பிறர் சொல்லித்தான் தெரியும். டீக்கடையில் நின்ற இரண்டு பையன்கள் ஓடி வந்து 108ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். "தூக்காதீங்க, கழுத்தை அசைக்காதீங்க" என்று கூட்டத்தை விலக்கிவிட்டு, ஒரு பையன் தன் சட்டையைக் கழற்றி என் முகத்தில் வெயில் படாமல் ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றானாம். பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை. போலீஸ், சாட்சி என்று அலைய வேண்டிவருமோ என்ற பயமாக இருக்கலாம். தம்பிகளா, அந்தப் பயம் இனி வேண்டாம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உங்களைப் போல உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டு இல்லை, எலும்பு முறிவு இல்லை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஒரு நர்ஸ் அக்கா என் வீட்டுக்காரரை நிறுத்தி, "திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, எழுப்பினால் எழும்பாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது" என்று சொல்லி, அவரைத் திரும்பவும் சொல்ல வைத்தாராம். அவருக்கு என் முதல் வணக்கம்.

ஆபத்து ஒன்றும் வரவில்லை. ஆனால் நானும் பழைய ஆளாக இல்லை. தினமும் மண்டையிடி. படுக்கையில் வலப்பக்கம் திரும்பினால் வீடே சுழலும். வெயிலில் காயப்போட்ட அப்பளத்தின் வெளுப்பைப் பார்த்தால் கண்ணுக்குள் ஊசி குத்தும். எங்கள் வீட்டில் நூறு எண்ணி ஒரு கட்டு. இருபது வருஷமாகப் பேசிக்கொண்டே எண்ணுகிற எனக்கு நாற்பதைத் தாண்டினால் எண் விட்டுப்போகும். திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவேன், திரும்பவும் விட்டுப்போகும். அடுக்கின அப்பளத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே அழுதிருக்கிறேன். மகள் மேல் எரிந்து விழுவேன்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, பிறகென்ன?" என்று கேட்டவர்கள் பலர். ஒரு டாக்டர் நான் பேசி முடிக்கும் முன்னே டென்ஷன், வயசு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வலியைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணாச்சிக்கு நான் பெரிய கடன்பட்டவள். தினம் வலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர், "இனி நான் தரமாட்டேன் தாயி. மாசத்துல பாதி நாளுக்கு மேல இதைத் தின்னா மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். நரம்பு டாக்டரைப் போய்ப் பாரு" என்றார். அன்றைக்குக் கோபப்பட்டு வந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.

சித்திரையில் அம்மன் கொடை வந்தது. கொடை என்றால் எங்கள் பக்கம் நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, விடிய விடிய குழாய் ஒலிபெருக்கி. ஒரு குழாய் எப்போதும் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். குக்கர் விசில் சத்தத்துக்கே காதைப் பொத்துகிற எனக்கு, அந்த இரண்டு நாளை நினைத்தாலே உடம்பு நடுங்கியது. நான் வாய் திறக்கவில்லை, சாமி காரியம். என் மதினிதான் கோயில் வரி கொடுக்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் பார்த்தால் செட் போடுகிற பையன் ஏணி வைத்து ஏறி அந்தக் குழாயை வயல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். கமிட்டிப் பெரியவர் வாசலில் நின்று, "அம்மனுக்குக் காது நல்லாவே கேக்கும் தாயி, நீ நிம்மதியாப் படு" என்றார். சாமக்கொடை மேளம்கூடத் தெருமுனையில் நின்று திரும்பிப் போனது. என்னை நம்பினார்கள் என்று அன்றைக்குத்தான் பட்டது.

வைகாசியில் மதினி என்னைச் செங்கோட்டை ரயிலில் ஏற்றித் திரும்பவும் ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப்போனாள். நரம்பியல் டாக்டர் அம்மா அவ்வளவு கூட்டத்திலும் முழுதாகக் கேட்டார். "வீட்டைப் போட்டோ எடுத்தால் சுவர் விரிசல் தெரியும், கரண்ட் ஏறி இறங்குவது தெரியுமா? உங்கள் மூளை குலுங்கியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் சரியாகும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். நீங்கள் நடிக்கவில்லை" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மதினி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தலைச்சுற்றலுக்குக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார். உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் தலையில் அடிபட்டு இடம் மாறினால் இப்படிச் சுற்றுமாம். அங்கிருந்த இளம் டாக்டர் என்னைச் சட்டென்று படுக்கவைத்து, தலையைத் திருப்பிப் பிடித்துக் கண்ணையே பார்த்தார். பிறகு தலையை மெதுவாக, படிப்படியாக மறுபக்கம் உருட்டி உட்காரவைத்தார். மருந்தில்லை, ஊசியில்லை. இரண்டு தடவை செய்ததில் அந்தச் சுழற்சி நின்றுவிட்டது. மூன்று மாதம் நான் இடப்பக்கமே படுத்துக் கிடந்தேன்!

மற்றதெல்லாம் மெதுவாகத்தான் குறைந்தது. இருட்டறையில் படுத்தே கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள் என்றார்கள். பிசியோதெரபி தங்கை கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே தலையைத் திருப்பும் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். தலைவலி வந்த நாளையெல்லாம் என் மகள் நோட்டில் எழுதினாள். டிவி சத்தமே இல்லாமல் அவள் கழித்த மாதங்களுக்கு நான் என்ன கைமாறு செய்ய? என்னோடு அப்பளம் இடும் அக்காமார், நான் கட்டின ஒவ்வொரு கட்டையும் எனக்குத் தெரியாமல் பிரித்து எண்ணி, குறைந்ததை நிரப்பித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஆவணியில்தான் அது எனக்குத் தெரியவந்தது.

இப்போதும் அலைச்சல் கூடினால் மண்டையிடிக்கும். உட்கார்ந்துவிட்டுப் பிறகு எழுந்திருக்கிறேன்.

சட்டையைப் பிடித்து நின்ற தம்பியும் அவன் கூட்டாளியும் இதைப் படித்தால், கல்லிடைக்குறிச்சி ரயில் நிலையத்தில் இறங்கி, வண்டியிலிருந்து விழுந்த அப்பளக்கார அக்கா வீடு எது என்று கேளுங்கள், சொல்வார்கள். உங்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன். நானே எண்ணியது. நூறு சரியாக இருக்கும்.