மோதிரத்தை எண்ணினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க ஃபுட்பால் குவாட்டர்பேக்குகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். டாம் பிரேடியிடம் 7 சூப்பர் பவுல் மோதிரம் (சீசனின் இறுதியாட்டத்தில் ஜெயித்த அணிக்குக் கிடைப்பது), ஜோ மொன்டானாவிடம் 4, பேட்ரிக் மஹோம்ஸிடம் 3, ஆகவே பிரேடிதான் பெரியவர், பேச்சு முடிந்தது என்கிறார் கட்டுரையாளர். அந்த முடிவோடு எனக்குச் சண்டையே இல்லை. நான் பாஸ்டனுக்குப் பக்கத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிறவன், பிரேடி பல வருஷம் ஆடிய பேட்ரியட்ஸ் அணியின் கட்சி, வீட்டில் அவருடைய 12-ஆம் நம்பர் ஜெர்சி இரண்டு கிடக்கிறது. அவர் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழிதான் சரியில்லை. மோதிரத்தை வைத்துத்தான் ஆளை அளப்பது என்றால் நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டு எடை போடச் சொல்லிவிடலாமே.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விஷயம். ஓர் அணியில் 53 பேர். பந்து நம்மிடம் இருக்கும்போது ஆட 11 பேர், எதிரணியிடம் போய்விட்டால் தடுக்க வேறு 11 பேர், உதைப்பதற்கென்றே தனி ஆட்கள். பந்தை எறிகிறவர் குவாட்டர்பேக். தன் அணி தடுத்து ஆடுகிற நேரம் முழுக்க அவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு, நம்மைப் போலவே வேடிக்கை பார்க்கிறார். இதை மறந்துவிட்டு வெற்றியை எல்லாம் அவர் கணக்கில் எழுதும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

பிரேடியையே எடுத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் ஈகிள்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில் 505 யார்டு (எறிந்த பந்துகளால் அணி முன்னேறிய மொத்தத் தூரம்) எறிந்தார், 3 டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது), ஒரு இன்டர்செப்ஷன்கூட (எறிந்த பந்தை எதிராளி பறிப்பது) இல்லை. பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடும் நிலைமை அவர் அணிக்கு அன்றைக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அப்படியும் 41-33 என்று தோற்றார்கள். அடுத்த வருஷம் ராம்ஸுக்கு எதிராக 262 யார்டு, டச் டவுன் பூஜ்யம், எறிந்த முதல் பந்தே எதிராளி கையில் போய் விழுந்தது. ஆனால் 13-3 என்று ஜெயித்தார்கள், ஆறாவது மோதிரம் வந்தது. கட்டுரையாளரின் கணக்கில் 505-க்குச் சுழி, 262-க்கு ஒன்று. இது என்ன கணக்கு?

நாலாவது மோதிரம் வந்த கதை இன்னும் வேடிக்கை. 2015-ல் சியாட்டில் அணிக்கு எதிராக 10 புள்ளி பின்தங்கியிருந்து, கடைசிக் குவார்ட்டரில் இரண்டு டச் டவுன் போட்டு பிரேடி முன்னுக்குக் கொண்டுவந்தார், பிரமாதமான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் சியாட்டில் கோட்டுக்கு ஒரு யார்டு தூரம் வரை வந்துவிட்டது. அங்கே சியாட்டில் குவாட்டர்பேக் ரசல் வில்சன் எறிந்த பந்தைக் குறுக்கே பாய்ந்து பறித்தவர் மால்கம் பட்லர், அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத புது ஆள். பிரேடி ஓரத்தில் நின்று சின்னப் பையன் மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். பட்லர் ஒரு நொடி பிந்தியிருந்தால் பிரேடியின் கை சுருங்கிப் போயிருக்குமா?

சரி, என் ஆளை விடுங்கள். பில்ஸ் அணியின் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனைப் பற்றி ஒரு வரியாவது கட்டுரையில் இருக்கும் என்று தேடினேன், இல்லை. 2022 ஜனவரியில் கான்சாஸ் சிட்டியில் நடந்த, தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் ஆட்டத்தில் ஆலன் நாலு டச் டவுன் எறிந்தார், நாலும் கேப்ரியல் டேவிஸுக்கு. கடைசி டச் டவுன் போட்டபோது ஆட்டம் முடிய 13 நொடிதான் பாக்கி. அந்த 13 நொடியை பில்ஸின் தடுப்பாட்டக்காரர்களால் காப்பாற்ற முடியவில்லை, மஹோம்ஸின் சீஃப்ஸ் அணி இரண்டே பாஸில் முன்னேறி உதைத்து 36-36 என்று சமன் செய்துவிட்டார்கள். அப்புறம் ஓவர்டைமுக்கு டாஸ், அதில் ஆலன் பக்கம் தோற்றது. முதலில் பந்து கிடைத்த அணி டச் டவுன் போட்டால் அங்கேயே ஆட்டம் முடிந்தது என்பது அப்போதைய விதி. மஹோம்ஸ் போட்டார், முடிந்தது. ஓவர்டைமில் ஆலன் பந்தைத் தொடவே இல்லை. இது அநியாயம் என்று லீகுக்கே பட்டு, இரண்டு மாதத்தில் பிளேஆஃப்புக்கு அந்த விதியை மாற்றினார்கள். ஒரு நாணயம் விழுந்த பக்கத்தை வைத்து ஒருவரை மேலே ஏற்றி இன்னொருவரைக் கீழே இறக்கினால் அதை மதிப்பீடு என்று எப்படிச் சொல்வது?

பெய்ட்டன் மேனிங் கதை தெரிந்தவர்கள் மோதிரக் கணக்கை வாயில் எடுக்கவே யோசிப்பார்கள். 2013-ல் ஒரே சீசனில் 55 டச் டவுன், 5,477 யார்டு, அந்த வருஷ சூப்பர் பவுலில் 43-8 என்று மண்ணைக் கவ்வினார். ஆட்டத்தின் முதல் பந்தே அவர் தலைக்கு மேலே பறந்துபோனது ஞாபகம் இருக்கும். 2015-ல் கை ஓய்ந்துபோய், 9 டச் டவுன், 17 இன்டர்செப்ஷன், நடுவில் பெஞ்சிலும் உட்கார வைத்தார்கள். அந்த வருஷம்தான் டென்வரின் தடுப்பாட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மோதிரம் வாங்கிக் கொடுத்தது. ட்ரென்ட் டில்ஃபருக்கும் ஒரு மோதிரம் இருக்கிறது. 2001 ஜனவரியில் ரேவன்ஸுக்காக ஜெயித்த அவரை, அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்று அதே அணி அனுப்பிவிட்டது. மோதிரம் யாருடைய உழைப்பால் வந்தது என்று அணிக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

டேன் மரீனோவிடம் மோதிரமே கிடையாது. 1984-ல், தன் இரண்டாவது சீசனிலேயே, 5,084 யார்டு எறிந்தார். அதற்கப்புறம் 24 வருஷம் கழித்து ட்ரூ பிரீஸ் வருகிற வரைக்கும் வேறு யாரும் 5,000-ஐத் தொடவில்லை. சச்சின் கையில் உலகக் கோப்பை வந்தது 2011-ல்தான். அதற்கு முந்தைய இருபது வருஷமும் அவர் இரண்டாம் தர ஆட்டக்காரராகவா இருந்தார்?

இப்படிச் சொன்னதும் புள்ளிவிவரக் கட்சிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், அவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். பாஸர் ரேட்டிங் என்று ஒன்று, 1973-லிருந்து லீக் பயன்படுத்துகிறது, முழு மதிப்பெண் 158.3. ஏன் 100 இல்லை, 150 இல்லை என்று என் மகன் கேட்டான், சூத்திரத்தைக் காட்டினேன், ஓடிவிட்டான். அந்தச் சூத்திரப்படி ஒருவர் ஆட்டம் முழுக்க எல்லாப் பந்தையும் தரையில் அடித்தால்கூட, யாரும் பறிக்கவில்லை என்பதற்காகவே 39.6 வாங்கிவிடலாம். நம் ஊர்ப் பரீட்சை என்றால் 35 போதும், பாஸ்! அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், பந்தோடு சேர்த்து அமுக்கப்பட்டதும், பந்தை நழுவவிட்டதும் அதில் எதிலும் சேராது.

காலமும் ஒரு சிக்கல். 1978-ல் விதியை மாற்றி, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை 5 யார்டுக்கு அப்பால் இடிக்கக் கூடாது என்றார்கள், குவாட்டர்பேக்கைக் காப்பவர்கள் கையை விரித்துத் தள்ளலாம் என்றார்கள். எறிகிறவர்களுக்குப் பெரிய வசதி. ஜோ நேமத் அதற்கு முன்பே, 1967-ல், 14 ஆட்டத்தில் 4,007 யார்டு எறிந்தவர். இன்றைக்கு சீசனுக்கு 17 ஆட்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிப்பது நாலணாவையும் நாலு ரூபாயையும் ஒரே உண்டியலில் எண்ணுவது போல. அப்புறம், கோப்பைதான் அளவு என்றால் ஆட்டோ கிரஹாம் எங்கே போனார்? 1946 முதல் 1955 வரை 10 சீசன் ஆடினார், பத்திலும் இறுதியாட்டம், ஏழில் வெற்றி. முதல் நாலு வேறொரு லீகில் என்று கழிக்கலாம், சரி, கழியுங்கள், ஆனால் பெயரையாவது சொல்லுங்கள்.

பின்னே எதை வைத்துத்தான் பார்ப்பது என்று கேட்பீர்கள். பந்து கைக்கு வந்ததிலிருந்து அதை எறிகிறவரைக்கும் கிடைக்கிற அந்த இரண்டரை, மூன்று நொடியைத்தான் நான் பார்ப்பேன். எதிரே நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ ஆட்கள் ஓடிவருகிறார்கள், பந்தை வாங்க வேண்டிய முதல் ஆள் மறைக்கப்பட்டிருக்கிறான், இரண்டாவது ஆளும் அப்படியே, அப்போது கண் எங்கே போகிறது, கால் நடுங்குகிறதா, இல்லையா. முக்கியமாக, எல்லாம் கெட்டுப்போன பிறகு என்ன செய்கிறார்.

2017 பிப்ரவரி 5, ஃபால்கன்ஸுக்கு எதிராக. இரண்டாம் குவார்ட்டரில் பிரேடி எறிந்ததை ராபர்ட் ஆல்ஃபோர்ட் பறித்து 82 யார்டு ஓடினார், பிரேடி அவர் காலைப் பிடிக்கப் பாய்ந்து ஒன்றும் கிடைக்காமல் தரையில் குப்புறக் கிடந்தார். அப்புறம் 28-3 என்று பின்தங்கினார்கள். நான் விடிந்தால் திங்கட்கிழமை என்று டிவியை விட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மகன், "அப்பா, சீக்கிரம் வா, வா" என்று கத்துகிறான். சோப்புக் கையோடு போய் நின்றேன். அந்த மனுஷர் பதறவில்லை. நீளமாக எறிந்து ஒரே அடியில் பிடித்துவிடலாம் என்று ஆசைப்படாமல், ஜேம்ஸ் வைட்டுக்குக் குட்டிக் குட்டியாக எறிந்து கொண்டிருந்தார், வைட் மட்டும் அன்றைக்கு 14 பந்து பிடித்தார். எடல்மன் மூன்று பேருக்கு நடுவே, தரைக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தாரே, அது எடல்மனின் திறமை. ஓவர்டைம் டாஸ் அதிர்ஷ்டம். அந்த 34-28 வெற்றியில் பிரேடியுடையது என்று நான் எழுதிக்கொள்வது அந்தப் பதறாமையைத்தான்.

இதே அளவுகோலில் மஹோம்ஸைப் பார்க்க வேண்டுமானால், 2021 பிப்ரவரியில், பிரேடி அப்போது ஆடிய டாம்பா பே அணியிடம் 31-9 என்று அவர் தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள், ஜெயித்ததை அல்ல. அவரைக் காக்க வேண்டிய இரண்டு டாக்கிள்களும் காயத்தில் வெளியே. ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தார். கடைசிக் குவார்ட்டரில் ஒரு நாலாவது டவுன் (கடைசி முயற்சி), துரத்தப்பட்டு, கால் இடறி, உடம்பு தரைக்கு இணையாகப் படுத்திருக்கும்போது, விழுந்துகொண்டே எறிந்தார். பந்து நேராகப் போய் டச் டவுன் எல்லைக்குள் நின்ற டேரல் வில்லியம்ஸின் ஹெல்மெட் முகக்கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. பிரேடிக்காகக் கத்திக்கொண்டிருந்த என் மகன் சத்தம் நின்றுபோய் என்னைத் திரும்பிப் பார்த்தான். கணக்கில் அது யாரும் பிடிக்காத ஒரு பாஸ், அவ்வளவுதான். பிரேடிக்கு ஏழாவது மோதிரம் வந்த ராத்திரி அது.

அன்புடன்,
பாஸ்டன் பக்கத்து வாசகன்