இரத்தினபுரி என்று அழைத்துக் கல்லுக்கடைக்குக் கூட்டிச் சென்ற பயணம் பற்றிய புகார்

யாழ்ப்பாணம்,
செப்டெம்பர் 9.

முகாமையாளர் அவர்களுக்கு,
சுற்றுலாப் பிரிவு,
யாழ்ப்பாணக் கிளை.

விடயம்: ஓகஸ்ட் 28 இரவு புறப்பட்ட இரத்தினபுரிச் சுற்றுலா. ஆசனங்கள் 7, 8, 9.

ஐயா,

நல்லூர்த் தேர் முடிந்த மறுவாரம் உங்கள் நிறுவனம் நடத்திய இரத்தினபுரிச் சுற்றுலாவில் நானும் என் மனைவியும் எங்கள் 12 வயதுப் பேரனும் வந்திருந்தோம். ஆளுக்கு 24,500 ரூபா வீதம் 73,500 ரூபா கட்டினோம். சிறுவனுக்கு அரைக்கட்டணம் இல்லை என்றார்கள். ஆசனத்தை முழுதாகத்தானே பிடிக்கிறான் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது விளங்க அது வேண்டும். கன்னாதிட்டியில் 43 ஆண்டுகள் பட்டறையில் இருந்து நகை செய்தவன். தோடு, மூக்குத்தி, அட்டியல், சனி தோஷத்துக்கென்று சாத்திரியார் எழுதிக் கொடுத்து அனுப்பும் நீலக்கல் மோதிரம் என்று எத்தனை ஆயிரம் கல் இந்தக் கையால் பதித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நீலம், புஷ்பராகம், வைடூரியம், கோமேதகம் எல்லாம் எனக்குச் சிறு கடதாசிப் பொட்டலத்தில் வந்து சேர்ந்தவை. அவை மண்ணிலிருந்து எப்படி வெளியே வருகின்றன என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. போக நினைத்த வயதில் போரால் பாதை பூட்டியிருந்தது, பாதை திறந்தபின் பட்டறை விடவில்லை. இந்த ஆண்டு பட்டறையை மூடினேன். உங்கள் துண்டுப்பிரசுரத்தில் "உண்மையான மாணிக்கக் குழிக்குள் ஒரு நாள்" என்று போட்டிருந்ததைப் பேரன்தான் வாசித்துக் காட்டினான். அந்த ஒரு வரிக்காகத்தான் காசைக் கட்டினேன்.

பஸ்ஸில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 400 கிலோமீற்றரை இரவோடு இரவாக ஓட்டிய சாரதி நிதானமான மனிதர். அவரை இந்தக் கடிதத்தின் பேரில் யாரும் கேள்வி கேட்க வேண்டாம். தங்கிய அறையும் பரவாயில்லை. படுக்கை விரிப்பில் ஈர வாடை இருந்தது, ஆனால் யாழ்ப்பாணத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மழை பெய்யும் ஊரில் அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு "மாணிக்க அருங்காட்சியகம்" என்று இறக்கினார்கள். வாசலில் இரண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்சம் சரளையும் ஒரு பழைய தராசும் இருந்தன. அருங்காட்சியகம் அவ்வளவுதான். உள்ளே முழுவதும் கடை. 10 மணிக்கு உள்ளே போன நாங்கள் வெளியே வந்தது 1.15க்கு. நேரத்தை நான் குறித்து வைத்திருக்கிறேன். இரத்தினபுரியின் தெருவோரக் கல்லுச் சந்தை முற்பகலில் சூடுபிடித்து மதியத்தோடு அடங்கிவிடும் சந்தை. அது உங்கள் பிரசுரத்தில் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. நாங்கள் கடைக்குள் அடைபட்டிருந்த நேரத்தில்தான் அது நடந்து முடிந்தது. மூன்றே கால் மணி நேரம் ஏன் என்று உங்கள் வழிகாட்டியிடம் கேட்டேன். "எல்லோரும் ஆறுதலாகப் பார்க்கட்டும் ஐயா" என்றார். யார் ஆறுதலாகப் பார்த்தது, யாருக்கு எவ்வளவு தரகு போனது என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையின் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. 2021இல் உலகச் செய்திகளில் வந்த 510 கிலோ எடையுள்ள நீலக்கல் திரள். தங்கள் குழியில் கிடைத்தது என்றார் விற்பனையாளர். அது இரத்தினபுரிப் பகுதியில் ஒரு வீட்டு வளவில் கிணறு வெட்டும்போது அகப்பட்டது என்று அன்று பத்திரிகை படித்த யாருக்கும் தெரியும். இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். வியாபாரி என்றால் கொஞ்சம் கதை அளப்பான், நானும் கடை வைத்திருந்தவன்தான்.

பொருட்படுத்த வேண்டியது அடுத்து நடந்தது. எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு தம்பதியர் மகளின் நிச்சயதார்த்த மோதிரத்துக்கென்று மூன்று கரட் நீலக்கல் ஒன்றை 65,000 ரூபாவுக்கு வாங்க இருந்தார்கள். நிறம் கூட்டச் சுடாத, அதாவது "சூடு காட்டாத இயற்கைக் கல்" என்று சொல்லி விற்கப் பார்த்தார்கள். அப்படி ஒரு கல் அந்த விலைக்குக் கிடைக்குமானால் நான் பட்டறையை மூடியிருக்கவே மாட்டேன். கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என் கண்ணாடி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வாங்கிப் பார்த்தேன். உள்ளே வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், ஓரத்தில் இரண்டு காற்றுக் குமிழிகள். மண்ணில் விளைந்த நீலக்கல்லில் வளர்ச்சிக் கோடு நேராக ஓடும், மூலையில் முறிந்து திரும்பும், வில்லைப்போல் வளையாது. வளைந்தால் அது உலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்த செயற்கைக் கல்.

சூடு காட்டிய கல்லை நான் குறை சொல்லவில்லை. "கெவுடா" என்று சிங்களத்தில் சொல்லும் பால்நிறக் கல்லை ஒரு காலத்தில் இங்கே ஒதுக்கிப் போட்டார்கள். எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப்போய் உயர் வெப்பத்தில் சுட்டு நீலமாக்கிப் பணம் பார்த்தபிறகுதான் இங்கும் அந்த வித்தை வந்தது. சுட்டது என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். செயற்கையை இயற்கை என்று விற்பதற்குப் பெயர் வேறு.

அந்தத் தம்பதியரிடம் மெதுவாகத்தான் சொன்னேன், இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கல்லைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகு காசைக் கொடுங்கள் என்று. உங்கள் வழிகாட்டி என்னைத் தனியே அழைத்து, "ஐயா, கடைக்காரர் நம்முடைய ஆள், சங்கடப்படுத்தாதீர்கள்" என்றார். நம்முடைய ஆள்! காசு கட்டிய 40 பேரும் அப்போது யாருடைய ஆட்கள்?

பிறகு குழி. கடையின் பின்முற்றத்தில் சீமெந்து பூசிய ஒரு தொட்டி, ஆளின் கழுத்தளவு ஆழம் இருக்கும். அதற்குள் ஒருவர் இறங்கி, பக்கத்து வாளியிலிருந்த சரளையைக் கூடையில் கொட்டிக் கழுவி, இரண்டு கல்லை எடுத்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் பேரன் என் காதுக்குள், "அம்மப்பா, இவர்களே போட்டுவிட்டு இவர்களே எடுக்கிறார்கள்" என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிடிபட்டது உங்கள் நிறுவனத்துக்குப் பிடிபடவில்லை என்று நம்பச் சொல்கிறீர்களா?

மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை என்பதால் எங்கள் மூவருக்கும் மரக்கறி என்று பதியும்போதே எழுதிக் கொடுத்திருந்தேன், பற்றுச்சீட்டின் பின்புறத்தில் உங்கள் அலுவலரின் கையெழுத்திலேயே அது இருக்கிறது. சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல் வந்தன. என் மனைவி இரண்டு கவளம் சாப்பிட்டபின் சம்பலில் மாசிக் கருவாடு இருப்பது தெரிந்தது. உணவகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் பக்கத்துச் சமையலில் மாசித்தூள் நம் வீட்டுக் கறித்தூளைப்போலச் சாதாரணமாகச் சேர்வது, அவர்கள் அதை மச்சம் என்று நினைப்பதே இல்லை. வடக்கிலிருந்து சைவக்காரரைக் கூட்டிப் போகிறவர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதற்குத்தான் வழிகாட்டி. அன்று முழுவதும் அவள் பிளேன்ரீயும் வாழைப்பழமுமாக இருந்தாள். திட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

எகலப்பொல வளவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தைப் பேரன் மிகவும் எதிர்பார்த்திருந்தான். மாணிக்கக் குழிகளில் சரளையோடு வெளிவந்த காண்டாமிருக, நீர்யானை எலும்புகள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் தீவில் ஒரு காலத்தில் அவை திரிந்தன என்பதற்குக் கல் தோண்டியவர்கள்தாம் சாட்சி. நாங்கள் போனபோது கதவு பூட்டியிருந்தது. எப்போது திறப்பார்கள் என்பது ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டறியக்கூடிய விடயம்.

அடுத்தது போபத் எல்ல நீர்வீழ்ச்சி. குருவிட்டப் பக்கம், அரசிலை வடிவில் விரிந்து விழும் அருவி, அழகானது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி தாண்டி, மழையும் தூறி, தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கலங்கி ஓடியது. மேலே மழை பெய்தால் கீழே சட்டென்று நீர் ஏறும் இடம் அது. பிரசுரத்தில் "நீராடி மகிழலாம்" என்று இருந்ததால் நான்கு இளைஞர்கள் இறங்கிவிட்டார்கள். தடுத்தது உங்கள் வழிகாட்டி அல்ல. கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கரையிலிருந்து கத்திக் கத்தி அவர்களை ஏறவைத்தார். வழிகாட்டி அப்போது பஸ்ஸில் தொலைபேசியில் இருந்தார். இந்தக் கடிதத்தில் நான் எழுதுகிற எல்லாவற்றிலும் பாரதூரமானது இதுதான், கல்லை விடவும்.

"சிவனொளிபாதமலை தரிசனம்" என்று போட்டிருந்ததையும் விடமுடியாது. யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. ஆவணி மாதத்தில், அதுவும் நல்லதண்ணிப் பாதையை விட நீளமான பலாபத்தலைப் பாதையால், இந்த வயதில் என்னை ஏற்றிவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பஸ் யன்னலால் ஒரு மேகத்தைக் காட்டி "அதற்குள்தான் மலை இருக்கிறது" என்று சொல்வதற்குத் தரிசனம் என்று பெயர் வைக்காதீர்கள். பிரசுரத்தின் முதல் பக்கத்தில் புகையிரதம் ஒன்றின் படமும் இருக்கிறது. இரத்தினபுரிக்குப் புகையிரதம் ஓடி நின்றது எழுபதுகளில்.

சனிக்கிழமை விடியற்காலை நான் பேரனையும் கூட்டிக்கொண்டு முச்சக்கரவண்டி ஒன்றில் புறப்பட்டேன். சந்தையில் நின்ற முஸ்லிம் வியாபாரிகள் நல்ல தமிழில் பேசினார்கள், என் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்ததும் பொட்டலங்களைப் பிரித்தார்கள். வாங்க அல்ல, பார்க்க வந்தவன் என்று சொன்ன பிறகும் காட்டினார்கள். குழி பார்க்க வேண்டும் என்றேன். ஒருவர் அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டு ஒழுங்கு செய்து தந்தார்.

வயலுக்கு நடுவே ஓலைக் கூரை, அதன் கீழ் ஒரு கட்டிலின் அளவு வாய். பக்கச் சுவர் சரியாமல் மரச்சட்டம் அடித்து, சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே காட்டுப் பன்னச் செடியை அடைத்திருந்தார்கள். நீர் இறைக்கும் இயந்திரம் விடாமல் ஓடியது. கீழே இரண்டு பேர் இடுப்பளவு சேற்றில். அவர்கள் தேடுவது சரளைப் படை, அதற்குச் சிங்களத்தில் "இல்லம்" என்று பெயர். நமக்கு இல்லம் என்றால் வீடு. கல்லுக்கும் அதுதான் வீடுபோலும் என்று பேரன் சொன்னான். மேலே வந்த சரளையைப் பிரம்புக் கூடையில் அள்ளி, தண்ணீருக்குள் சுழற்றிச் சுழற்றிக் கழுவினார்கள். பாரமான கல் கூடையின் அடியில் தங்கும், இலேசான மண் வெளியே போகும். கடைசியில் ஒரு முதியவர் கூடையை வெளிச்சத்துக்குச் சரித்து, விரலால் வருடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்த கூடை. அதிலும் இல்லை. கல் கிடைத்தால் காணிக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், தோண்டுகிறவர்கள் என்று பங்கு பிரியும். கிடைக்காத நாளில் பிரிக்க ஒன்றும் இல்லை. 43 ஆண்டுகள் நான் பேரம் பேசிக் குறைத்த விலைகள் அப்போது நினைவுக்கு வந்தன. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

முச்சக்கரவண்டிக்குக் கொடுத்தது 2,500 ரூபா. குழியில் யாரும் காசு கேட்கவில்லை, தேநீருக்கென்று கொஞ்சம் நானாகக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது 20 நிமிடம் பிந்திவிட்டோம், அது என் பிழை. அதற்காக உங்கள் வழிகாட்டி பஸ் நிறைந்த ஆட்களின் முன் என்னை, "வயது போனவர்கள் சொன்ன நேரத்துக்கு வரப் பழக வேண்டும்" என்று ஏசினார். முதல்நாள் மூன்றே கால் மணி நேரம் கடையில் இருத்தியவர் சொன்ன நேரம் பற்றிப் பேசினார்.

செப்டெம்பர் 1ஆம் திகதி உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். முகாமையாளர் அழைப்பார் என்றார்கள். எட்டு நாளாயிற்று.

முழுக் காசையும் நான் கேட்கவில்லை. கூட்டிப் போனீர்கள், படுக்க இடம் தந்தீர்கள். காட்டுவதாகச் சொல்லிக் காட்டாத குழிக்கும் சந்தைக்கும் அருங்காட்சியகத்துக்கும், மனைவி சாப்பிடாத சாப்பாட்டுக்குமாக ஆளுக்கு 8,000 வீதம் 24,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். அந்தக் கடையில் கல் வாங்கியவர்கள் யார் யார் என்பது உங்கள் பயணிகள் பட்டியலில் இருக்கும், அவர்களை அழைத்துக் கல்லைச் சோதிக்கச் சொல்வது உங்கள் பொறுப்பு, தவறு என்று தெரிந்தால் கடையிடம் காசை மீட்டுக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பே. அருவியில் யாரையும் இறக்கும் முன் ஊர்க்காரர் ஒருவரைக் கேட்கும் ஒழுங்கை உடனே கொண்டுவாருங்கள். பிரசுரத்தைத் திருத்தும்வரை அடுத்த பயணத்துக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் இதே கடிதத்தின் பிரதியை அனுப்புவேன். பற்றுச்சீட்டின் பிரதியும் துண்டுப்பிரசுரமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. மூலப்பிரதிகள் என்னிடம் இருக்கின்றன.

இங்ஙனம்,
ஆசனங்கள் 7, 8, 9இன் பயணிகள் சார்பில்,
ஓய்வுபெற்ற நகைத் தொழிலாளி ஒருவர்.

பி.கு.: பேரனின் நீலக் குடை ஆசனம் 9இன் கீழ் விடப்பட்டுவிட்டது. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். சாரதி எடுத்து வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.