கசம்

பாம்பன்,
மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அம்மா காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். சில பேச்சு அவள் காதில் விழ வேண்டாம். படகு கரையில் கிடக்கிறது, வலை வேலையும் முடிந்துவிட்டது. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிப்பதால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பட்டாளப் பயிற்சி முடித்த அன்றைக்கு உன்னைப் பார்க்க, நீலகிரி வெலிங்டனுக்கு மதுரை, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறி வந்தோம். முப்பது வருஷம் கடலில் ஆடியவனுக்கே அந்த மலை வளைவில் குடல் புரண்டது. அம்மாவைப் பற்றிக் கேட்காதே.

பக்கத்தில் நின்ற பாலக்காட்டுக்காரர் "இன்னைக்குக் கசம் பரேடு" என்றார். அவருடைய பையனும் உங்கள் வரிசையில்தான். கசம் என்றால் இந்தியில் சத்தியமாம். தெற்கத்திச் சீமையில் ஆற்றில் கால் எட்டாத ஆழத்தைத்தான் கசம் என்பார்கள். எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வந்து, வயிறு ஒரு மாதிரி ஆனது.

தேசியக்கொடி வந்தது, வேதப் புத்தகங்கள் வந்தன. அத்தனை பேரும் ஒரே தொண்டையாகச் சத்தியம் சொன்னீர்கள். அதில் உன் குரலைத் தேடினேன், பிடிபடவில்லை. சொன்னது இந்தி, எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அப்புறம் எங்களுக்கும் ஆளுக்கொரு பதக்கம் குத்தினார்களே, என் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்தது. குத்திய அதிகாரிக்கு அது தட்டுப்பட்டிருக்கும், பாவம்.

அன்று சாயங்காலம் நீ வரி வரியாகத் தமிழில் சொன்னதைத் தங்கச்சி அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். "தரை, கடல், ஆகாயம், எந்த வழியாக எங்கே போகச் சொன்னாலும் போவேன்" என்று ஒரு வரி. உன்னைக் கடல் பக்கம் விடக்கூடாது என்றுதான் படிக்க வைத்தேன். கடைசியில் அந்தச் சத்தியத்துக்குள்ளும் கடல் வந்து உட்கார்ந்திருக்கிறது, பார்.

"உயிருக்கு ஆபத்து வந்தாலும்" என்ற கடைசி வரியை அம்மாவிடம் இன்னும் வாசித்துக் காட்டவில்லை. தங்கச்சியையும் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். 64 புயலில் தனுஷ்கோடியில் எத்தனை சனம் போனது. அவர்களிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. நான் கடலுக்குப் போகிற நாளிலும் யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் நாம் பெற்ற பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது வேறுதான். நீ சேர்ந்திருக்கிற அக்னிவீர் வேலை நாலு வருஷம்தானே, அந்த வரிகளில் நாலு வருஷம் என்ற பேச்சையே காணோம். நாலு வருஷம் கழித்து நூற்றுக்கு 25 பேர் வரைதான் வைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். சத்தியத்தை முழுசாக வாங்கிக்கொண்டு வேலையை மட்டும் அளந்து கொடுப்பது என்ன கணக்கோ. சரி, அது உன்னிடம் கேட்கிற கேள்வி இல்லை.

நான் எழுத வந்தது வேறு. அந்தச் சத்தியத்தில் குடியரசுத் தலைவரின் கட்டளை வருகிறது, மேலதிகாரியின் கட்டளை வருகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் அரசமைப்புச் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று வருகிறது. பெற்றவள் தலை, பிள்ளை தலை என்று யார் தலையும் அதில் இல்லை.

நீ ஏழாவது படிக்கும்போது திண்ணையில் உன்னை முன்னால் நிறுத்தி, தலையில் கை வைத்து, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். உன் தலைமுடி எண்ணெயில் பிசுபிசுத்தது, அது இன்னும் கையில் இருக்கிறது. மூன்றாம் நாள் படகுச் சம்பளம் வந்தது. நான் வந்து விழுந்ததை நீ பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது, இரண்டு ராத்திரி நான் கண் மூடவில்லை. ஏன் என்று உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பெரியவன் ஆனபிறகும் நீ ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

வெலிங்டனிலிருந்து திரும்பிய நாளிலிருந்து தொடவில்லை. இன்றைக்கு எழுபத்தெட்டாவது நாள். இந்தத் தடவை யார் தலையிலும் கை வைக்கவில்லை, கற்பூரமும் அணைக்கவில்லை. காலண்டரில் பென்சிலால் கோடு போடுகிறேன், அவ்வளவுதான். அம்மா பார்க்கிறாள், கேட்பதில்லை. படகு இறங்கி, முதல் சம்பளம் கைக்கு வருகிற அன்றைக்குத்தான் தெரியும். அன்று ராத்திரி ஏழு மணிக்குமேல் முடிந்தால் ஒரு போன் போடு. என்ன ஏது என்று கேட்க வேண்டாம், சும்மா பேசு.

பதக்கம் இரண்டும் சாமி படத்துக்குக் கீழே இருக்கின்றன. உப்புக்காற்றில் கறுத்துவிடும் என்று அம்மா துணியில் சுற்றி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் மட்டும் பிரிக்கிறாள். நெத்திலிக் கருவாடு அனுப்பினால் பட்டாளத்தில் உள்ளே விடுவார்களா, நாற்றத்துக்குத் திட்டுவார்களா என்று கேட்கச் சொன்னாள். பதில் போடு.

அப்பா