நாட்டை மீட்டது யார் என்று கேட்ட மகனுக்கு

அன்பு மகன்,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெங்காயம் எடுத்து முடிந்தது, விலைதான் இன்னும் சரியாக வரவில்லை.

நீ குடும்பக் குழுவில் போட்ட வீடியோவைப் பார்த்தேன். ரணில் விக்கிரமசிங்க தனியாளாக நின்று நாட்டை மீட்டார், நன்றி இல்லாத சனம் அவரைத் தோற்கடித்துவிட்டது என்று சொல்கிறார்கள். கீழே நீயும், "உண்மைதானே அப்பா, இப்ப வரிசை இல்லைத்தானே, இன்னும் ஏன் கோபம்?" என்று எழுதியிருந்தாய். போனில் பதில் சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போட்டு முடிப்போம். அதனால்தான் எழுதுகிறேன்.

2022இல் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நின்ற வரிசை இப்போது இல்லை, சரி. அது யாருடைய காசில் இல்லாமல் போனது என்பதை அந்த வீடியோ சொல்லவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. அதே மாதம் மின்கட்டணம் 75 வீதம் கூடியது, அடுத்த பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம். 8 வீதமாக இருந்த வற் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. கியூஆர் முறையில் பெற்றோலைப் பங்கிட்டது நல்ல வேலை. சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குப் போனதும் தவிர்க்க முடியாதது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையைக் கட்டியது சனம். விளக்கை நிறுத்தியும், பால்மாவை விட்டும், பிள்ளைகளின் ரியூசனை நிறுத்தியும் கட்டினார்கள்.

அந்த நாட்களை நீ போனில் கேட்டாய், நேரில் பார்க்கவில்லை. சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க் கான்களை வரிசையாக வைத்து, கைபிடிகளுக்குள்ளால் ஒரு கயிற்றைக் கோர்த்துக் கட்டியிருந்தார்கள், யாரும் முன்னுக்கு நகர்த்திவிடக் கூடாது என்று. ஒவ்வொரு கானிலும் பெயிண்டில் பெயர். ஆட்கள் வீட்டுக்குப் போய் வருவார்கள், கான் அங்கேயே நிற்கும். பவுசர் வந்தால் ஊருக்குள் செய்தி ஓடும். மேற்கு வளவுக்காரர் மண்ணெண்ணெய் பம்பை நம்பித்தான் வெங்காயம் நட்டவர். ஆளுக்கு அளந்து கொடுத்ததில் அவருக்குக் கிடைத்தது ஒரு பாத்திக்கூட்டத்துக்கும் காணாது. கடைசியில் எந்தப் பக்கத்தைக் காயவிடுவது என்று நின்று யோசித்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்த ஊர் மண்ணெண்ணெய்க்குத் தவம் கிடந்தது, அதுக்கு ஒரு யுத்தம் காரணமாக இருந்தது. இந்த முறை கொழும்பில் சிலர் வாக்குக் கணக்குப் பார்த்ததுதான் காரணம்.

அதைத்தான் நான் சொல்ல வருகிறேன், தம்பி. அவர்களுக்குப் பொருளாதாரம் விளங்கவில்லை என்பதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு படியிலும் நாட்டின் கணக்கைத் தள்ளிவிட்டுக் கட்சியின் கணக்கை எடுத்தார்கள்.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவின் ஆட்கள் வரியைக் குறைப்போம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். வென்ற கையோடு டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கினார்கள். அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல் இருந்தது, அதற்கு அது உதவியது. திறைசேரி காலியானது, நாட்டின் கடன் தரப்படுத்தல் விழுந்தது, வெளியில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தார்கள். டொலரை 203 ரூபாயில் கட்டிவைத்தார்கள். வங்கிக்கு வெளியே அதற்கு மேல் விலை இருந்ததால்தான் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஆட்கள் பாதிப் பேர் வங்கியை விட்டு உண்டியல்காரர் மூலம் காசு அனுப்பினார்கள், உனக்கே தெரியும். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் தட்டுப்பாடான 2022 ஜனவரியில், 50 கோடி டொலர் கடன்பத்திரத்தைக் கட்டித் தீர்த்தார்கள். நாணய நிதியத்திடம் போ, கடனை மறுசீரமை என்று எதிர்க்கட்சியும் பொருளியல் படித்தவர்களும் தொண்டை வரளச் சொன்னார்கள். கேட்டிருந்தால் தோற்றோம் என்று ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று பயம். ஏப்ரல் 12ஆம் திகதி, கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். காலிமுகத்திடல் போராட்டம், மே 9ஆம் திகதி பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து போன கூட்டம் போராட்டக்காரர்களை அடித்தது, ஜூலையில் கோட்டாபய மாலைதீவுக்கு ஓடியது. ஜூலை 20ஆம் திகதி நாடாளுமன்றத்தில் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். 2020 தேர்தலில் அவருடைய கட்சிக்கு நாடு முழுக்கக் கிடைத்தது ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம். அந்த 134இல் பெரும்பாலானவை, சனம் போகச் சொல்லிக் கத்திய அதே ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனவின் வாக்குகள். அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும், அவருக்கு ஒரு கதிரை வேண்டும், நெருக்கடி இரண்டையும் கொடுத்தது. செப்டெம்பரில், பணவீக்கம் 70 வீதத்தை எட்டிய அந்த மாதத்தில், 37 இராஜாங்க அமைச்சர்கள் பதவியேற்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பாடு இல்லாமல் மயங்கி விழுகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம் அது.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னைச் சுட்டது உள்ளூராட்சித் தேர்தல். 2023 மார்ச் 9ஆம் திகதி என்று நாள் குறித்து, வேட்புமனு எடுத்து, கட்டுப்பணமும் வாங்கியாயிற்று. பிறகு காசு இல்லை என்றார்கள். முற்பணம் வராமல் வாக்குச்சீட்டை அச்சடிக்க முடியாது என்று அரச அச்சகம் நின்றது. உயர் நீதிமன்றம் ஒதுக்கிய பணத்தை மறிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டும் தேர்தல் நடக்கவில்லை. தள்ளிவைப்பதற்குத் தேர்தல் என்று ஒன்றே இல்லை என்ற மாதிரி நாடாளுமன்றத்தில் ஜனாதிபதி பேசினார். அதற்குச் சில கிழமை முன்னம்தான் காலிமுகத்திடலில் 75ஆவது சுதந்திர தினத்தை அணிவகுப்போடு கொண்டாடினார்கள். அதுக்குக் காசு இருந்தது.

அந்த வாக்கெடுப்பு நடந்திருந்தால் ஆளும் பக்கம் துடைக்கப்பட்டிருக்கும். எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கும் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். பிரதேச சபை என்றால் உனக்குச் சின்ன விஷயமாகப் படலாம். குப்பை, மதகு, தெருவிளக்கு, சந்தைக் குத்தகை, சுடலைப் பாதை எல்லாம் அதன் கையில்தான். அந்த மார்ச்சில் சபைகளின் காலம் முடிய, கேள்வி கேட்க ஒரு உறுப்பினர் இல்லாமல் இரண்டு வருடம் அதிகாரிகள் கையில் கிடந்தது. அந்தத் தேர்தலில் போட்டியிட நின்ற ஒரு பொடியன் நம் அயலில் இருக்கிறான். அரச வேலை, சம்பளமில்லாத லீவு எடுத்துத்தான் போட்டியிட வேண்டும். தேர்தலும் இல்லை, சம்பளமும் இல்லை, வேலைக்குத் திரும்பவும் விடவில்லை. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் காலம் ஓட்டினான். அந்தத் தேர்தலை நடத்தாததால் சனத்தின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. வாக்குப்பெட்டி வந்தது 2025 மே 6ஆம் திகதிதான்.

தங்கச்சியின் விஷயத்தையும் சொல்கிறேன். அவள் கொழும்பில் தனியார் கொம்பனியில் வேலை செய்து சேர்த்த ஒரே சேமிப்பு ஊழியர் சேமலாப நிதி. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு, இந்த நிதியின் கடன்பத்திரங்களைக் குறைந்த வட்டியில் நீண்ட காலத்துக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் நிதிக்கான வரி 14 வீதத்திலிருந்து 30. வங்கிகளை அடைத்து ஐந்து நாள் லீவு விட்டு, ஜூலை முதலாம் திகதி சனிக்கிழமை நாடாளுமன்றத்தைக் கூட்டி நிறைவேற்றினார்கள். வங்கிகள் விழாமல் இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் வாயில்லாத தொழிலாளியின் தலையில்தானே கடைசியில் சுமை ஏறியது? அவளுடைய ஓய்வுகால வட்டியில் எவ்வளவு போனது என்று யாரும் அவளுக்குக் கடிதம் போடவில்லை.

எங்கள் தமிழ்க் கட்சிகளையும் நான் விடப்போவதில்லை. 2023 ஜனவரியில், சனம் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, தமிழரசுக் கட்சி தனியாகவும், அதுவரை அதன் கூட்டாளிக் கட்சிகளாக இருந்த ரெலோவும் புளொட்டும் வேறாகவும் போட்டியிடப் பிரிந்தார்கள். எந்தச் சின்னம் யாருக்கு என்பதுதான் பேச்சு. மண்ணெண்ணெய் விலையைப் பற்றி அந்த நாட்களில் அவர்களிடம் இருந்து ஒரு உருப்படியான வார்த்தை நான் கேட்கவில்லை.

இப்போது ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு நான் ஆள் என்று நினைக்காதே. பழைய கும்பலைத் துரத்தியதற்குச் சனம் 2024 நவம்பரில் 159 ஆசனம் கொடுத்தது, யாழ்ப்பாண மாவட்டத்திலும் மூன்று. அடுத்த ஏப்ரலில் உள்ளூராட்சிப் பிரசார மேடையில், தன் கட்சியின் கையில் இருக்கும் சபை கேட்டால் பணத்தை யோசிக்காமல் கொடுக்கலாம், மற்றவை கேட்டால் திரும்பத் திரும்ப ஆராய வேண்டும் என்ற கருத்தில் ஜனாதிபதி அநுர பேசினார். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அது சனம் கட்டிய வரிப்பணம். இல்லாத காலத்தில் காசு இல்லை என்று வாக்கைப் பறித்தார்கள், வந்த பிறகு காசைக் காட்டி வாக்குக் கேட்கிறார்கள்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் கோட்டாபய, மகிந்த, பசில், முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் என்று பெயர் சொல்லி, பொருளாதாரத்தைக் கையாண்டதில் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுத்தொகை கொடுக்கச் சொன்னது. சிறையும் இல்லை, அபராதமும் இல்லை. கோபம் பழசாகிவிட்டது என்று நீ சொல்கிறாய். இன்னும் ஒருவரும் கணக்குச் சொல்லவில்லை, அதற்குள் எப்படிப் பழசாகும்?

அந்த வீடியோவைக் குழுவில் இருந்து எடுத்துவிடு. மாமாவும் சித்தியும் அதை நீ சொன்னதாக நினைத்து மற்றவர்களுக்கு அனுப்புகிறார்கள். எல்லாக் கட்சிக்காரரும் ரொறன்ரோ வந்து கூட்டம் வைக்கிறார்கள் என்று சொன்னாயே, அடுத்த முறை யார் வந்தாலும் போ. காசு கேட்டால் கொடுக்க முதல், 2023 மார்ச்சில் தேர்தலுக்குக் காசு இல்லை என்றபோது உங்கள் கட்சி என்ன செய்தது, சேமலாப நிதியில் குறைந்ததைத் தொழிலாளிக்கு எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள் என்று எழுந்து நின்று கேள். என்ன பதில் வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா