ஓவிய வகுப்பும் அறிவியல் வகுப்பும் மரத்தடியில் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'இயற்கைக் காட்சி வரையுங்கள்' என்றால், மலையே கண்ணில் படாத ராமநாதபுரம் சமவெளிப் பிள்ளையும் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் குடிசை என்றுதான் வரைகிறது. பள்ளி வாசலில் நிற்கும் வேம்பு அந்தத் தாளில் வருவதே இல்லை. அறிவியல் பாடத்தில் இலையின் பாகங்களைக் கரும்பலகையைப் பார்த்து நகலெடுக்கிறார்கள். இவ்விரண்டு வகுப்புகளையும் இரு வாரத்துக்கு ஒருமுறை மரத்தடியில் சேர்த்து நடத்த வேண்டும்.

செலவு பெரிதல்ல. பரீட்சை அட்டை, 2பி பென்சில், தாள் போதும். ஒரு வேப்ப ஈர்க்கைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் வரையச் சொல்லுங்கள். இலையின் விளிம்பு ரம்பம்போல் இருப்பதும், நடு நரம்பின் இருபுறமும் சமமாக இல்லாமல் அடிப்பகுதி கோணலாக இருப்பதும், பல ஈர்க்குகளின் நுனியில் ஒற்றை இலை இல்லாததும் வரையும்போதுதான் தெரியும். அடுத்துப் புங்க இலையைக் கொடுத்தால் வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்வார்கள். படத்தின் ஓரத்தில் தேதி, நேரம், வெயிலா மேகமா என்று எழுதவைப்பது அவசியம். அது இல்லாத படத்தை அடுத்த மாதப் படத்தோடு ஒப்பிட முடியாது.

மஞ்சளில் வெயில் அச்சு எடுப்பது இன்னும் நல்ல பாடம். இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளை 50 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கிப் பத்து நிமிடம் வைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. வெறும் தண்ணீரில் கலக்கினால் தாளில் திப்பிதான் நிற்கும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், எனவே அதை ஆசிரியரே கையாள வேண்டும். வடித்ததைத் தாளில் இரண்டு முறை பூசி, வெளிச்சம் படாத அறையில் உலர்த்தி, மேலே இலையையும் அதன்மேல் கண்ணாடியையும் வைத்து 11 மணிக்கு வெயிலில் வைத்தால் 1 மணிக்கு எடுக்கலாம். வெயில் பட்ட இடம் வெளுத்திருக்கும். மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் காயப்போடுவது இதனால்தான். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சலவை சோடா கரைத்து ஆசிரியர் தூரிகையால் தடவினால், இலை மறைத்த இடம் மட்டும் சிவந்து, பின் பழுப்பாகும். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அதே வேதியியல்தான். பூவரசு இலையின் தடித்த காம்பு கண்ணாடியைத் தூக்கிவிடும். அடியில் வெளிச்சம் புகுந்து விளிம்பு மங்கும். காம்பைக் கிள்ளிவிட்டு வைக்க வேண்டும். ஈர இலை ஆகாது. எடுத்த அச்சை நோட்டுக்குள் மூடி வைக்காவிட்டால் அதுவும் வெளுத்துவிடும்.

வண்ணத்துக்கு ஊர் மண் இருக்கிறது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய துணியில் வடித்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை இறுத்தால் அடியில் குழம்பு நிற்கும். அதில் இரண்டு பங்குக்கு, ஊறவைத்துக் கரைத்த வேலம்பிசின் ஒரு பங்கு சேர்க்கலாம். பிசின் குறைந்தால் உலர்ந்தபின் தூளாக உதிரும், கூடினால் வெடிக்கும். கரிசல் எப்படியும் வெடிக்கும். தண்ணீரில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது. மெல்லியதாகப் பல முறை பூச வேண்டும். கோடையில் கரிசல்காடு ஏன் பாளம் பாளமாகப் பிளக்கிறது என்று பிள்ளைகள் அப்போது கேட்பார்கள், அதற்குத்தான் அறிவியல் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

இது பல பள்ளிகளில் நடக்காமல் போவதற்குக் காரணம் கால அட்டவணைதான். பகுதிநேர ஓவிய ஆசிரியர் வரும் நாளில் அறிவியல் பாடவேளை இருப்பதில்லை. இருந்தாலும் அடுத்தடுத்து அமைவதில்லை. ஒரே பாடவேளையில் வெளியே போய்த் திரும்பவே நேரம் சரியாகிவிடும். ஜூன் மாதம் அட்டவணை போடும்போதே இரண்டையும் ஒரே நாளில், மதிய உணவுக்கு முன்பாக அடுத்தடுத்து வைக்கும்படி தலைமை ஆசிரியர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். படத்தின் அழகுக்கு மதிப்பெண் போடாமல், பிள்ளை எதைக் கவனித்திருக்கிறது என்று பார்த்துப் போடவும் அதிலேயே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்