பணத்தை எண்ண முடியாதா?

ஐயா,

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரின் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆங்கிலப் பயிற்சி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று இரண்டு கட்டங்கள். 'மனி' என்ற சொல்லை எண்ணக்கூடிய பக்கத்தில் எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. "எங்கப்பா தினமும் ராத்திரி கடையை அடைச்சிட்டு பணத்தை எண்ணுறாரே தாத்தா, அப்புறம் எப்படித் தப்பு?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். 32 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், தப்பு நாம் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. பொருளைப் பார்த்து எண்ண முடியும், முடியாது என்கிறோம். ஆங்கிலம் சொல்லைப் பார்க்கிறது. டூ ரூபீஸ் என்று சொல்லலாம், டூ மனி என்று சொல்ல வராது. அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. பூக்காரம்மாவிடம் நாற்பது மல்லிகை கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை; ரெண்டு முழம் என்கிறோம். அது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அரிசிக்குக் கிலோ, ரொட்டிக்கு ஸ்லைஸ், அட்வைஸுக்குக்கூட பீஸ், அதாவது துண்டு. நாமோ 'நாலு நல்ல புத்தி' என்று எண்ணிச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பத்து தேங்காய், மூணு மாடு என்று 'கள்' சேர்க்காமலே பேசுகிறவர்கள் நாம். அதனால் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் எஸ் போடாமல் விடுவார்கள். எஸ் எங்கே, எஸ் எங்கே என்று நாம் திருத்தித் திருத்தி, பயத்தில் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள்: ஃபர்னிச்சர்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ், லக்கேஜஸ். ஆங்கிலேயர்களே இதில் இடறியிருக்கிறார்கள். பட்டாணிக்கு அவர்களிடம் 'பீஸ்' (pease) என்று ஒருமைச் சொல்தான் இருந்தது. கடைசி ஒலியைப் பன்மை என்று நினைத்துக்கொண்டு, பின்னால் 'பீ' (pea) என்று ஒரு புதுச்சொல்லை உண்டாக்கிவிட்டார்கள்.

மறுநாள் அந்தப் பெண்ணையும் இன்னும் நான்கு பிள்ளைகளையும் கடையிலேயே உட்காரவைத்தேன். முட்டை, தேங்காய்க்கு ஹவ் மெனி. சர்க்கரை, உப்பு, எண்ணெய்க்கு ஹவ் மச். சரசரவென்று சொன்னார்கள். சோப்பு வந்ததும் நின்றுவிட்டார்கள். கடையில் ரெண்டு சோப்பு என்றுதானே கேட்கிறோம்! ஆங்கிலத்தில் டூ பார்ஸ் ஆஃப் சோப் என்றதும், அந்தப் பெண் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, "அப்போ பார்தான் எண்ணுற சொல், சோப் இல்ல" என்றாள்.

பயிற்சி நோட்டு தயாரிப்பவர்கள் வெறும் கட்டங்களுக்குப் பதிலாக இப்படி வாக்கியமாகக் கொடுக்க வேண்டும். மாணவர் அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணக்கூடியதற்குச் சி, எண்ண முடியாததற்கு யு என்று போட்டிருப்பதைப் பார்க்கவும் பழக்கலாம். திருத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'மனி' மேல் பெருக்கல் குறி போடும்போது பக்கத்தில் 'டூ ரூபீஸ்' என்று எழுதிக்கொடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருமங்கலம்.