யூதர் சிந்தனை வகுப்பு: விரிவுரை வேண்டாம், இருவர் இருந்து படிக்கட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் யூதரைப் பற்றி இரண்டு பேச்சுத்தான் அடிக்கடி காதில் விழுகிறது. சிதறிப்போய் நாடு கண்டவர்கள், அவர்களைப் பார்த்துப் படியுங்கள் என்பது ஒன்று. இஸ்ரேல் அரசு பலஸ்தீனத்தில் செய்வதை யூதர் எல்லார் தலையிலும் சுமத்துவது மற்றது. யூதர் என்னத்தைப் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்பது இரண்டிலும் இல்லை. சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் வளர்ந்தோருக்கு யூதர் சிந்தனை பற்றி வகுப்பு வைக்க எண்ணுபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம்: ஒலிவாங்கி பிடித்து விரிவுரை செய்யாதீர்கள். யூதர் படிக்கும் விதமாகவே படிப்பியுங்கள்.

அந்த முறைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். இருவர் எதிரெதிரே இருந்து ஒரே பக்கத்தை உரத்து வாசித்து, வரிக்கு வரி கேட்டு, மறுத்துப் படிப்பார்கள். ஒருவர் புராணம் வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் வழக்கம் உள்ள ஊர்களுக்கு இது அந்நியமாக இராது. இங்கே பயன் சொல்பவரை வாசிப்பவர் மடக்கவும் வேண்டும், அவ்வளவுதான். 12 முதல் 16 பேர் போதும். ஒன்றரை மணி நேரத்தில் முதல் 10 நிமிடம் பின்னணி, அடுத்த 40 நிமிடம் இருவர் இருவராக, மிச்சம் எல்லோரும் சேர்ந்து. பாடம் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சோடிகள் வாசித்து முடிக்கத்தான் ஓடுவார்கள், வாதம் பிறக்காது.

முதற் பாடத்துக்கு, யூதரின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பாவா மெட்சியா என்ற பகுதியின் இரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். மிஷ்னாவில் இருப்பவை, கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின், வழிபாட்டின் இடத்தில் படிப்பை வைத்துத் தம் சமயத்தைக் காத்தவர்களின் வாதங்கள், ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்டவை. கண்டெடுத்த பொருள் யாருக்கு என்பதே இந்த அதிகாரத்தின் கேள்வி. சிதறிக் கிடக்கும் காசும் பொதுவழியில் கிடக்கும் சிறு கதிர்க்கட்டும் எடுத்தவருக்கு. பைக்குள் இருக்கும் காசும், ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய மூன்று காசும் என்றால் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். ஏன் மூன்று? தானாக விழுந்த காசு அப்படி அடுக்காய் நிற்காது. யாரோ வைத்தது, அதை அடையாளமாகச் சொல்லிக் கேட்க முடியும். காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், சோடிகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு மிஷ்னாவை விரித்து வாதிக்கும் தல்மூத்தில் அபாயே, ராவா என்ற இரு அறிஞர் பிடிக்கும் வாதத்தைக் கொடுங்கள். உரியவர் நம்பிக்கை விட்ட பொருள் எடுத்தவருக்கு என்பது விதி. அப்படியென்றால், தொலைந்ததே தெரியாதவர் அந்தப் பொருள்மேல் நம்பிக்கை விட்டுவிட்டார் என்று கொள்ளலாமா? கொள்ளலாம் என்கிறார் ராவா, கூடாது என்கிறார் அபாயே. தீர்ப்பு அபாயே பக்கம்.

வெள்ளமும் கடலும் அடித்துச் சென்றதை மீட்டவருக்கே அது சொந்தம் என்ற விதியும் அங்கே வரும். இடம்பெயர்ந்து திரும்பியபோது தன் வீட்டுச் சாமான் இன்னொரு வீட்டில் இருக்கக் கண்டவர்கள் வகுப்பில் இருப்பார்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பும். யாரையும் சொல்லக் கேட்காதீர்கள். சொல்பவரை மறிக்கவும் வேண்டாம். அன்றைக்குப் பாடம் பாதியில் நின்றாலும் குறையில்லை.

அடுத்த கிழமைக்கு ஆதியாகமம் 18. சோதோமுக்காக ஆபிரகாம் கடவுளிடம் 50 பேரில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசுகிறார். பத்தோடு ஏன் நின்றார்? நோவாவின் குடும்பத்தில் எட்டுப் பேர் இருந்தும் அந்தத் தலைமுறை தப்பவில்லை என்பது யூத வேத உரையாசிரியர் ரஷியின் (1040–1105) விளக்கம். வகுப்பில் இதைவிட நல்ல பதில்கள் வரலாம், வரட்டும்.

வேதாகமம் கொண்டுவரச் சொன்னால் ஒரு குழப்பம் வரும். மன்னார், மடுப் பக்கத்துக் கத்தோலிக்கரின் பிரதியில் மக்கபேயர் நூல்கள் இருக்கும். யூதரின் 24 நூல்களில் அவை இல்லை. யூதரின் தீபத் திருவிழாவான ஹனுக்காவின் வரலாறு அந்த நூல்களில்தான் இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். யூத சமயத்தைக் கிறிஸ்தவத்துக்கு முன்னுரையாக்கிப் படிப்பிப்பது பெரிய பிழை. இயேசுவுக்குப் பிந்திய ஈராயிரம் ஆண்டுச் சிந்தனை முழுவதும் அதில் அடிபட்டுப் போகும்.

1948இல் இஸ்ரேல் உருவானது, பலஸ்தீனரின் இடப்பெயர்வு, போர் எல்லாவற்றையும் தவிர்க்கவும் கூடாது, ஒவ்வொரு வகுப்பிலும் கலக்கவும் கூடாது. கடைசிக்கு முந்திய வகுப்பை முழுதாக அதற்கே ஒதுக்கி, இரு தரப்பு எழுத்தையும் மேசையில் வையுங்கள்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர் நினைவுகூரும் பஸ்கா விருந்தை நாடகமாய் நடித்துக் காட்டுவது வேண்டாம். அது ஒரு வீட்டாரின் வழிபாடு. அந்த விழா நாட்களில் கிழக்கு ஐரோப்பிய யூதர் வழக்கமாகச் சோறு தொடுவதில்லை, கீழைத்தேய யூதர் பலர் உண்பார்கள். சோறு உண்ணும் நமக்கு ஒரே சமயத்துக்குள் இருக்கும் வழக்க வேறுபாட்டை விளக்க இந்த ஒன்றே போதும்.

பெரும்போக அறுவடை முடிந்தபின் தொடங்குங்கள். வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில் வகுப்பு வேண்டாம், வெள்ளி மாலையும் வேண்டாம்.

மிஷ்னாவைத் தமிழில் தேடி எடுப்பது கடினம். நடத்துபவர் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்பையாவது ஒப்பிட்டுத்தான் தமிழாக்க வேண்டும். போட்டோக்கொப்பிக் கடை இல்லாத ஊர்களுக்காக, கிழமைக்கு ஒரு பாடத்தைத் தங்கள் வாரமலரில் அரைப் பக்கம் அச்சிட்டுத் தர முடியுமா? தமிழாக்கத்தை நாங்கள் தருகிறோம்.

இங்ஙனம்,
வளர்ந்தோர் கல்வி ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி